ஆற்றுநீரில் காலராக் கிருமி: மாதிரி எடுப்பதிலிருந்து மரபணுத்தொகையைப் படிப்பது வரை

1884ஆம் ஆண்டு ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக் கொல்கத்தாவில் ஒரு குளத்து நீரை ஆராய்ந்தார். அதன் கரையில் வாழ்ந்தவர்களிடையே வாந்திபேதி, அதாவது காலரா, பரவியிருந்தது. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் அவர்கள் அந்த ஒரே குளத்தை நம்பியிருந்தார்கள். நோயாளிகளின் குடலில் கண்ட அதே வளைந்த கிருமியை அவர் அந்த நீரிலும் கண்டார். நீரில் கிருமி இருக்கிறதா என்ற கேள்வி அந்தக் காலத்துக்குப் போதுமானதாக இருந்தது. இன்று அது போதாது. வெப்பமான நாடுகளின் கழிமுகங்களில் விப்ரியோ காலரே என்ற இந்தப் பாக்டீரியா இயல்பாகவே குடியிருக்கிறது. தேடத் தெரிந்தவருக்கு அது பெரும்பாலும் கிடைத்துவிடும். அதன் மேற்பரப்புச் சர்க்கரை அமைப்பைக் கொண்டு 200க்கும் மேற்பட்ட ஓ-வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றுள் ஓ1, ஓ139 என்ற இரண்டு மட்டுமே கொள்ளைநோயை உண்டாக்கியவை. அந்த இரண்டிலும் நச்சு மரபணுக்களைச் சுமக்கும் கிளைகளே பெருந்தீங்கு செய்தவை.

ஆகவே நீர்நிலைக் கண்காணிப்பு விடை தேட வேண்டிய கேள்வி வேறு: நம் கையில் உள்ள கிருமி அந்த நீரிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருவதா, நோயுற்ற மனிதரின் கழிவோடு அங்கு வந்து சேர்ந்ததா? இதை வளர்ப்புத் தட்டின் நிறமும் நுண்ணோக்கியும் சொல்லாது, கிருமியின் மொத்த டி.என்.ஏ. எழுத்துகளான மரபணுத்தொகைதான் சொல்லும். நுண்ணுயிரியல் அடிப்படைப் பயிற்சி உள்ள கல்லூரி ஆய்வகங்களுக்கும் பொதுச் சுகாதார ஆய்வகங்களுக்கும் பயன்படும் வகையில், அந்த விடையை நோக்கிச் செல்லும் வழியை இங்கே எழுதுகிறேன்.

இதில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1992 அக்டோபரில் இந்நகரில் காலரா போன்ற நோய் பரவியபோது, நோயாளிகளிடமிருந்து கிடைத்த கிருமி, ஓ1 வகையை அடையாளம் காட்டும் சோதனைத் திரவமான ஓ1 எதிர்ச்சீரத்தோடு திரளவில்லை. அன்றைய விதிப்படி அது கொள்ளைநோய்க் காலராவாக எண்ணப்படக் கூடாதது. ஆனால் சில மாதங்களுக்குள் அது கொல்கத்தாவையும் பங்களாதேஷையும் எட்டி, முன்பே ஓ1 காலராவுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களையும் தாக்கியது. அதுவே பின்னர் ஓ139 எனப் பெயர் பெற்றது. ஏழாம் காலராப் பெருந்தொற்றை நடத்திவந்த எல் டோர் என்ற ஓ1 கிளையே தன் மேற்பரப்புச் சர்க்கரையை உருவாக்கும் மரபணுப் பகுதியை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. எதிர்ச்சீரம் கிருமியின் சட்டையைத்தான் பார்க்கிறது, அதன் வம்சத்தைப் பார்ப்பதில்லை என்பதை இந்த நிகழ்வைவிடத் தெளிவாகக் காட்டும் வேறு சான்று எனக்குத் தெரியாது.

குப்பியை எடுக்கும் முன்

எந்தெந்த இடத்தில், எத்தனை நாளுக்கொரு முறை, எவ்வளவு காலம் மாதிரி எடுப்பது என்பதை எழுத்தில் முடிவு செய்த பிறகே ஆற்றுக்குப் போக வேண்டும். ஓர் ஆற்றுக்குக் குறைந்தது நான்கு இடங்கள் தேவை: குடியிருப்புகளுக்கு மேலே கழிவு கலவாத ஓர் இடம், மக்கள் இறங்கிப் புழங்கும் படித்துறை, கழிவுநீர் வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஓர் இடம், கடல்நீர் ஏறி இறங்கும் கழிமுகம். முதல் இடத்தை அங்கே ஒன்றும் கிடைக்காது என்று சொல்லிப் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கே கிடைப்பதும் கிடைக்காததும்தான் கீழே கிடைப்பதற்குப் பொருள் தருகின்றன என்பதால், பணம் குறைவாக இருந்தால் வேறெதைக் குறைத்தாலும் அந்த இடத்தைக் குறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஓராண்டு முழுவதும் என்பது நல்ல தொடக்கம். இந்தக் கிருமி வெப்பத்தையும் காரத்தன்மையையும் மிதமான உப்பையும் விரும்புவது. ஆகவே கோடையில் உப்பு ஏறிய கழிமுகமும் மழை வெள்ளத்தில் நன்னீராகிவிட்ட அதே கழிமுகமும் இரு வேறு நீர்நிலைகள் போல நடந்துகொள்ளும். ஓதம் ஏறும் வேளையில் ஒரு மாதிரியும் வற்றும் வேளையில் அடுத்த மாதிரியும் எடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடுவதில் பயனில்லை. எந்த வேளை என்பதை ஒரு முறை தீர்மானித்து, ஆண்டு முழுவதும் அதையே கடைப்பிடிக்க வேண்டும்.

மாதிரி எடுத்தல்

ஒவ்வோர் இடத்திலும் மூன்று வகை மாதிரிகளை எடுப்பது நல்லது. முதலாவது, கிருமிநீக்கம் செய்த குப்பியில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழிருந்து, நீரோட்டத்தை எதிர்நோக்கிப் பிடித்த ஒரு லிட்டர் நீர். குளோரின் இட்ட கழிவுநீர் கலக்கும் இடமானால் குப்பியில் முன்கூட்டியே சோடியம் தயோசல்பேட் சேர்த்திருக்க வேண்டும். இல்லையேல் எஞ்சிய குளோரின் வழியிலேயே கிருமிகளைக் கொன்றுவிடும்.

இரண்டாவது, மிதவை உயிரிகள். 64 மைக்ரான் கண்ணளவுள்ள வலையில் விலங்கு மிதவைகளும், அதிலிருந்து வழியும் நீரை 20 மைக்ரான் வலையில் ஊற்றினால் தாவர மிதவைகளும் சேரும். இதைக் கூடுதல் வேலை என்று தள்ளிவிட வேண்டாம். விப்ரியோ காலரே கோப்பிபாட் என்னும் நுண் ஓட்டுயிரிகளின் கைட்டின் ஓட்டில் ஒட்டி வாழ்வது. பங்களாதேஷின் மத்லப் பகுதியில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர், பழைய புடவைத் துணியை நான்கு மடிப்பாகவோ அதற்கு மேலோ மடித்துக் குடிநீரை வடிகட்டச் செய்தபோது காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கிருமி தனியாக நீந்தினால் எந்தப் புடவையும் அதைத் தடுத்திருக்க முடியாது. அது ஏறிவந்த ஓட்டுயிரியைத்தான் துணி பிடித்தது.

மூன்றாவது, மூர் ஸ்வாப். காஸ் துணியைச் சுருட்டி நடுவில் நூலால் கட்டி, ஓடும் நீரில் ஒன்று முதல் மூன்று நாள் வரை தொங்கவிட்டு எடுப்பதுதான் முறை. 1940களில் இங்கிலாந்தில் பாராடைபாய்டு கிருமி எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதைச் சாக்கடை வழியே தேடிச் செல்வதற்காக மூர் என்பவர் கண்ட எளிய உத்தி இது. குப்பியில் பிடித்த நீர் ஒரு நொடியின் சாட்சி. துணி, இரண்டு நாள் ஓடிய நீரின் சாட்சி. கழிவு விட்டுவிட்டு வரும் வாய்க்கால்களில் துணிதான் பெரும்பாலும் வெல்லும். மீன்வலையிலும் ஆகாயத்தாமரையிலும் சிக்காதபடி, ஊர்க்காரர் யாரேனும் ஒருவரிடம் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கட்டுவது நல்லது. சொல்லாமல் கட்டிய துணி மறுநாள் இருக்காது.

நீரின் வெப்பநிலை, பி.எச்., உப்புத்தன்மை, கலங்கல், கடந்த மூன்று நாள் மழை, ஓத நேரம், கரையில் கண்ட மனிதப் புழக்கம் ஆகியவற்றைப் படிவத்தில் அங்கேயே எழுத வேண்டும். ஆய்வகத்துக்கு வந்து நினைவிலிருந்து எழுதியதை நான் தரவாகக் கருதமாட்டேன். மாதிரியை நேரடி வெயில் படாத காப்புப் பெட்டியில் கொண்டுவர வேண்டும். மற்ற நீர்ச் சோதனைகளுக்கு வழக்கமாகச் செய்வதுபோல் பனிக்கட்டியில் புதைக்கக் கூடாது, ஏனெனில் கடுங்குளிர் விப்ரியோக்களை உயிரோடிருந்தும் தட்டில் வளராத உறக்கநிலைக்குத் தள்ளும். சில மணி நேரத்துக்குள் வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்துவிட்டால் இந்தக் கவலை பெரிதும் தீரும்.

ஆய்வகத்தில்

இவ்வேலை உயிர்ப்பாதுகாப்பு நிலை 2 வசதியில்தான் நடக்க வேண்டும்; கழிவு அனைத்தும் ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கிருமிநீக்கி வழியாகவே வெளியேற வேண்டும். நீரை 0.22 மைக்ரான் சவ்வில் வடிகட்டி, சவ்வை அப்படியே காரப் பெப்டோன் நீரில் இடுங்கள். கலங்கல் மிகுந்த நீரில் சவ்வு 100 மி.லி.க்குள் அடைத்துக்கொள்ளும், அப்போது பல சவ்வுகளைப் பயன்படுத்தி, வடிகட்டிய மொத்த அளவைக் குறித்துவையுங்கள். மிதவைகளைக் கிருமிநீக்கம் செய்த கண்ணாடி அரைப்பானில் மெல்ல அரைத்துச் சேர்க்கலாம். காரப் பெப்டோன் நீரின் பி.எச். 8.4 முதல் 8.6 வரை இருக்க வேண்டும், ஏனெனில் மற்ற குடல் பாக்டீரியாக்கள் தடுமாறும் அந்தக் காரத்தில் விப்ரியோ செழிக்கும். 37 டிகிரி செல்சியசில் 6 முதல் 8 மணி நேரம் வைத்து, குடுவையைக் குலுக்காமல், மேற்பரப்பில் படியும் மெல்லிய ஏட்டிலிருந்து ஒரு சுழிக்கம்பி அளவு எடுத்து, விப்ரியோக்களைத் தேர்ந்து வளர்க்கும் டி.சி.பி.எஸ். அகாரில் கோடிடுங்கள். காற்றை நாடி மேலே வரும் கிருமியை மேலிருந்துதான் எடுக்க வேண்டும். அதே குடுவையை மறுநாள் மீண்டும் ஒரு முறை கோடிட்டால், மெல்ல விழித்தெழும் செல்களும் கிடைக்கும்.

மறுநாள் மஞ்சள் நிறத்தில், தட்டையாக, 2 முதல் 4 மி.மீ. அளவில் தெரியும் கிருமிக் கூட்டங்கள் (காலனிகள்) சந்தேகத்துக்குரியவை. விப்ரியோ ஆல்ஜினோலிட்டிகஸ், விப்ரியோ ஃப்ளூவியாலிஸ் ஆகியவையும் மஞ்சளாகவே வரும் என்பதால் நிறத்தை நம்பி நிற்க முடியாது. ஒரு தட்டிலிருந்து ஒரே ஒரு கூட்டத்தை எடுப்பது மருத்துவமனை ஆய்வகப் பழக்கம். நோயாளியின் மலத்தில் ஒரு கிளை பெருகி மற்றவற்றை மூடியிருக்கும். ஆற்றுநீரிலோ ஒரே தட்டில் பத்து வம்சங்கள் அருகருகே வளரக்கூடும். குறைந்தது எட்டுப் பத்துக் கூட்டங்களை எடுத்து, தேர்வு ஊடகம் அல்லாத அகாரில் தூய்மைப்படுத்தி, ஆக்சிடேஸ் என்ற நொதிச் சோதனையை அங்கிருந்தே செய்யுங்கள்; டி.சி.பி.எஸ். தட்டிலிருந்து நேரடியாகச் செய்த ஆக்சிடேஸ் சோதனை பிழையான விடை தரும்.

அதன் பிறகு, குறித்த மரபணுவைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனை. இனத்தை உறுதிசெய்ய ஓ.எம்.பி.டபிள்யூ. மரபணு, காலரா நச்சுக்கு சி.டி.எக்ஸ்.ஏ. மரபணு, ஓ1 மற்றும் ஓ139 வகைகளுக்கு அவற்றின் சர்க்கரை மரபணுக்கள் என நான்கு இலக்குகள் போதும். ஒவ்வொரு தொகுதியிலும் அறிந்த கிருமி ஒன்றும் வெறும் நீர் ஒன்றும் கட்டாயம் உடன் ஓட வேண்டும். உறுதியான ஒவ்வொரு கூட்டத்தையும் கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில், முடிந்தால் இரண்டு வேறு உறைபெட்டிகளில், சேமித்து வையுங்கள்.

சி.டி.எக்ஸ்.ஏ. மரபணுவோடு ஓ1 அல்லது ஓ139 கிடைத்தால் மரபணுத்தொகை வரும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே மாவட்டச் சுகாதார அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். டி.என்.ஏ. எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் வரிசையறிதல், நாட்களையும் வாரங்களையும் கேட்கும் வேலை. படித்துறையில் குளிக்கும் குழந்தைக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

வரிசையறிதல்

விப்ரியோ காலரேயின் மரபணுத்தொகை இரண்டு குரோமோசோம்களில் அமைந்தது: பெரியது ஏறக்குறைய 29.6 லட்சம் கார இணைகள் (டி.என்.ஏ. எழுத்துகள்), சிறியது 10.7 லட்சம். 1975இல் பங்களாதேஷில் எடுக்கப்பட்ட என்16961 என்ற கிருமியின் முழு வரிசை 2000ஆம் ஆண்டில் வெளியானது. இன்றும் ஒப்பீட்டுக்கு அதுவே அடிப்படை. மொத்தம் 40 லட்சம் என்பதால், ஒவ்வோர் இடத்தையும் சராசரியாக 50 முறை படிக்க ஒரு கிருமிக்கு 20 கோடி எழுத்துகள் போதும். பணம் போதாதபோது கிருமிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், படிப்பு ஆழத்தைக் குறைக்காதீர்கள். 15 மடங்கில் படித்த நூறு கிருமிகளைவிட 50 மடங்கில் படித்த முப்பது கிருமிகள் நம்பத்தக்கவை.

டி.என்.ஏ.வைச் சிறு சிறு துண்டுகளாகப் படித்துக் குறும் படிப்புகளைத் தரும் இலுமினா இயந்திரங்கள் எழுத்துத் துல்லியம் மிக்கவை. ஆனால் இந்த இனத்தில் அவை தடுக்கிவிழும் இடங்கள் சில உண்டு. சிறிய குரோமோசோமில் ஒரே வகைத் துண்டு மீண்டும் மீண்டும் வரும் பெரிய இன்டெக்ரான் பகுதி இருக்கிறது. நச்சு மரபணுக்களைக் கொண்டுவந்த பாக்டீரியத் தின்னி வைரஸ், சில கிருமிகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல படிகளாக (நகல்களாக) அமர்ந்திருக்கும். குறும் படிப்பில் இவை உடைந்துபோகும், அல்லது ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே படியாகத் தோன்றும். எத்தனை படிகள், எந்தக் குரோமோசோமில் என்று அறிய வேண்டுமானால் நேனோபோர் போன்ற நெடும் படிப்பு தேவை. எல்லாக் கிருமிகளையும் குறும் படிப்பில் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வம்சத்திலிருந்தும் ஒன்றிரண்டை மட்டும் நெடும் படிப்புக்கு அனுப்புவதே சிக்கனமான வழி.

நீரிலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் ஒட்டுமொத்தமாக வரிசையறிந்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. உறக்கநிலைச் செல்கள் தட்டில் வளராதவை என்பதால் அந்த முறைக்கும் இடமுண்டு. வளர்ப்புக்கு இடும் சவ்வைத் தவிர வேறொரு சவ்வில் வடிகட்டி, அதை இதற்காக உறையவைத்திருங்கள். ஆனால் ஆற்றுநீரில் விப்ரியோவின் பங்கு மிகச் சிறியது. நச்சு மரபணு கண்ணில் பட்டாலும் அதைச் சுமந்தது எந்த வம்சம் என்று அந்தத் தரவு பெரும்பாலும் சொல்லாது. நம் கேள்வியோ வம்சத்தைப் பற்றியது. அதனால் தூய கிருமிகளே முதன்மை என்கிறேன்.

தரவைப் படித்தல்

முதலில் படிப்புகளின் தரத்தைப் பார்த்துக் கழிக்க வேண்டியதைக் கழியுங்கள், ஃபாஸ்ட்பி என்ற மென்பொருள் போதும். அடுத்து கிராகன்2 கொண்டு இனத்தைச் சரிபாருங்கள். பின் ஷவில் அல்லது ஸ்பேட்ஸ் வழியே துண்டுகளை இணையுங்கள். இணைத்த மொத்த நீளம் 40 லட்சத்தை ஒட்டியும், குவானைன் சைட்டோசின் பங்கு 47.5 விழுக்காட்டை ஒட்டியும் இருக்க வேண்டும். நீளம் 50 லட்சத்தைத் தாண்டினால், புதிய கண்டுபிடிப்பு என்று மகிழும் முன் இரண்டு கிருமிகள் கலந்திருப்பதை ஐயப்பட வேண்டும். கூட்டத்தை மீண்டும் தூய்மைப்படுத்துவதே அதற்கு மருந்து.

பிறகு வம்சத்துக்கு வருவோம். 1961இல் இந்தோனேசியாவில் தொடங்கிய ஏழாம் பெருந்தொற்றின் கிளை, ஏழு மரபணு வகைப்பாட்டில் பெரும்பாலும் எஸ்.டி.69 என்று வரும்; வி.எஸ்.பி.-1, வி.எஸ்.பி.-2 என்ற இரு மரபணுத் தீவுகள் அதற்கு அடையாளம். நச்சின் பி பகுதி மரபணு எந்த வடிவம் என்றும் பாருங்கள்: பழைய எல் டோர் கிருமிகளில் 3, எல் டோருக்கு முன் பரவிய செவ்வியல் வகையில் 1, ஹெய்ட்டி வடிவம் என்று பெயர் பெற்று இன்று பரவலாகியிருப்பது 7. மருந்தெதிர்ப்பு மரபணுக்களை ஏ.எம்.ஆர்.ஃபைண்டர்பிளஸ் தேடித் தரும். பலவற்றைக் கூட்டாகச் சுமக்கும் எஸ்.எக்ஸ்.டி. என்ற இடம்பெயர் பகுதி இருக்கிறதா என்று தனியே கவனியுங்கள். நிரலெழுதும் பழக்கம் இல்லாதவர்கள் விப்ரியோவாட்ச் தளத்தில் தரவை ஏற்றினால் இவற்றில் பெரும்பகுதி தானாகக் கிடைக்கும்.

நச்சு மரபணு வைரஸ் வழியே வருவது, மேற்பரப்புச் சர்க்கரை மாறக்கூடியது, கைட்டின் மேல் வாழும்போது விப்ரியோ வெளியிலுள்ள டி.என்.ஏ.வையே விழுங்கித் தனதாக்கிக்கொள்வது. ஆகவே ஒற்றை மரபணுவைக் கொண்டு வம்சத்தைத் தீர்மானிக்க வேண்டாம். முதுகெலும்பு போன்ற பொது மரபணுக்கள் அனைத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

ஏழாம் பெருந்தொற்றுக் கிளையைச் சேர்ந்தவை என்று உறுதியானவற்றை மட்டும் ஸ்நிப்பி கொண்டு என்16961மேல் பொருத்தி, கப்பின்ஸ் மூலம் வெளியிலிருந்து வந்த பகுதிகளை நீக்கி, ஐகியூ-ட்ரீயில் வம்சாவளி மரம் வரையலாம். நீர்வாழ் பூர்வீகக் கிருமிகளையும் அதே மரத்தில் திணிப்பது நான் அடிக்கடி காணும் பிழை. அவை பல பத்தாயிரம் எழுத்துகளால் வேறுபடுவதால், நாம் காண விரும்பும் நுண்ணிய கிளைகள் ஒரே புள்ளியாகச் சுருங்கிவிடும். அவற்றுக்குப் பொது மரபணுக்களைக் கொண்டு தனி மரம் வரையுங்கள்.

மரத்தில் தூரத்துக்கு என்ன பொருள்? இந்தக் கிளை ஆண்டுக்கு ஏறத்தாழ 3 எழுத்துகள் என்ற வேகத்தில் மாறுவதாக 2011இல் உலகளாவிய தொகுப்பு ஒன்றைக் கொண்டு கணக்கிட்டார்கள். ஆற்றுக் கிருமியும் அதே மாதம் மருத்துவமனையில் கிடைத்த கிருமியும் ஒன்றிரண்டு எழுத்துகளில் வேறுபட்டால் அண்மைத் தொடர்பு மிகவும் சாத்தியம். 60 எழுத்துகள் வேறுபட்டால் அந்தத் தொடர்பைக் கைவிடலாம். இடைப்பட்டவற்றில் எண்ணை மட்டும் நம்பாமல், கரைப் படிவத்தில் எழுதிய மழையையும் ஓதத்தையும் கழிவு வாய்க்காலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்ற திசையையும் மரம் தனியாகச் சொல்லிவிடாது.

ஹெய்ட்டியில் நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். 2010 அக்டோபரில் ஆர்ட்டிபோனைட் ஆற்றோரம் காலரா வெடித்தபோது, கடல்நீரிலேயே இருந்த கிருமி தட்பவெப்ப மாற்றத்தால் பெருகியிருக்கலாம் என்ற கருத்தும், ஆற்றின் துணையோடையை ஒட்டியிருந்த ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவே காரணம் என்ற கருத்தும் மோதின. ஹெய்ட்டிக் கிருமிகளின் மரபணுத்தொகை, நேபாளத்தில் அதே ஆண்டு எடுக்கப்பட்ட சில கிருமிகளிலிருந்து ஒன்றிரண்டு எழுத்துகளே வேறுபட்டிருந்தது. அந்த முகாமில் இருந்தவர்கள் நேபாளத்திலிருந்து வந்தவர்கள். கழிவு கலந்த ஓடையின் களச்சான்றும் மரபணுச் சான்றும் ஒரே இடத்தைச் சுட்டின. அந்தப் பரவலில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று, ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள், ஐ.நா. பொதுச்செயலர் 2016இல் ஹெய்ட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். மூன்றாண்டுக்கு மேல் நோயாளிகளே பதிவாகாமல் இருந்து 2022இல் அங்கே நோய் மீண்டும் தலைதூக்கியபோது, புதிய கிருமி 2010 கிளையின் வழிவந்தது என்று விரைவில் சொல்ல முடிந்தது. பழைய தரவு யாவரும் எடுத்து ஒப்பிடும்படி பொதுவெளியில் இருந்ததே அதற்குக் காரணம்.

அறிக்கையும் சேமிப்பும்

ஆகவே மூலப் படிப்புகளை ஐரோப்பிய நியூக்ளியோடைடு ஆவணக்காப்பகத்திலோ ஃபரிதாபாத்திலுள்ள இந்திய உயிரியல் தரவு மையத்திலோ நாள், நீர்நிலை, மாதிரி வகை ஆகிய விவரங்களுடன் சேர்த்துவிடுங்கள். நோயாளிகளின் கிருமிகளோடு ஒப்பிட்டிருந்தால் பெயர், வயது, தெரு எதுவும் அதில் இருக்கக் கூடாது. ஆற்றோரக் குடியிருப்பு ஒன்றைச் சுட்டிக்காட்டும் துல்லியமான இடக்குறிப்பைச் சுகாதாரத் துறைக்கு மட்டும் கொடுங்கள். கழிவுநீர்க் குழாய் இல்லாத குற்றம் அங்கே வாழ்பவர்களுடையதாகாது.

பொதுமக்களுக்கான அறிக்கையில் காலராக் கிருமி கண்டுபிடிப்பு என்ற சொற்கள் தனியாக நிற்கக் கூடாது. நச்சு மரபணு இல்லாத பூர்வீகக் கிருமிதான் கிடைத்ததென்றால், அது கழிமுகத்தில் இயல்பாக இருப்பது, கொள்ளைநோயை உண்டாக்கும் கிளையைச் சேர்ந்ததன்று, ஆனாலும் திறந்த புண்ணோடு அந்த நீரில் இறங்க வேண்டாம் என்று எழுதுங்கள். பெருந்தொற்றுக் கிளை கிடைத்தால் எந்தப் படித்துறைக்குக் கீழே, எந்த நாளில் என்று சொல்லி, குடிநீரைக் கொதிக்கவைக்கும்படியும், வயிற்றுப்போக்கு கண்டவுடன் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து மருத்துவமனைக்கு வரும்படியும் அதே பத்தியில் சேர்த்து எழுதுங்கள். அந்த அறிக்கையின் முதல் படி, மூர் ஸ்வாப்பைக் கட்ட நமக்கு இடம் கொடுத்த கரையோர மக்களின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.